கையால தொடாத மாப்ள

மாப்ள,

போன திங்கட்கிழமை காலையில் தேன்மொழி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்து, திரையை என் பக்கம் திருப்பினாள். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாம் முதன்முதலில் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் அதில் திறந்திருந்தது. ஃபைலின் உச்சியில், பச்சை எழுத்தில் அந்த வரி.

"இந்த ஃபைலைக் கையால தொடாத மாப்ள. மாத்தணும்னா என்கிட்ட சொல்லு."

அடுத்த ஃபைலைத் திறந்தாள். அதிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். "எல்லாத்துலயும் இருக்குண்ணே. யாருண்ணே இந்த மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். "முன்னாடி இருந்த ஆளு யாராச்சும் விளையாட்டுக்கு எழுதியிருப்பாங்க."

அவள் தலையாட்டிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ செத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னைத் தெரியாது என்று சொல்லி இனி எனக்கு என்ன ஆகப்போகிறது? யாருக்குப் பயந்து சொன்னேன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவ்வளவு பழகிவிட்டது அதற்கு. வெட்கமாக இருக்கிறது மாப்ள. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

தேன்மொழியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவள். இப்போது அவள்தான் டீம் லீட். உனக்கு அவளைப் பிடித்திருக்கும், காரணம் கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நம் டாக்டரம்மா பரிசோதனை நிலையத்துக்கு ஊர் ஊராகக் கிளை திறந்துவிட்டார். பழைய சாஃப்ட்வேர் இழுக்க முடியாமல் இழுக்கிறது, புதிதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். டேட்டாபேஸோடு பேசுகிற ஃபைல்களை எந்தக் கருவியை வைத்து உருவாக்குவது என்பதை வெள்ளிக்கிழமை அவர் முன்னிலையில் முடிவு செய்வதாக இருந்தோம். வெளியில் கிடைக்கிற கருவிகள் இரண்டை எடுத்து, கூடவே பழையதையும் வைத்து, தேன்மொழி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழையது என்றால் உன்னுடையது. வெளிக் கருவி ஜெயித்தால் உன் கருவி எழுதிய ஃபைல்கள் ஒன்று விடாமல் நீக்கப்படும். அந்தப் பச்சை வரியும் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு இதை யார் எழுதினார் என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள், நானும் சொல்ல வேண்டியிருக்காது. எனக்கு அது வசதிதான் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நினைத்துத்தான் இந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

மதுரை கே.கே. நகரில் அந்தப் பல் ஆஸ்பத்திரி மாடி நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேர், இரண்டு மேசை, கீழே நாளெல்லாம் பல் குடைகிற சத்தம். டேட்டாபேஸில் இருக்கிற டேபிள் ஒவ்வொன்றுக்கும் எடுக்க, சேர்க்க, மாற்ற, நீக்க என்று ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப அடித்து நமக்கு விரல் மரத்துப்போனது. இதற்கென்று கருவிகள் இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எது வேகம், எது இலவசம், எதற்கு எத்தனை பேர் உதவிக்கு வருவார்கள் என்று படித்துக்கொண்டே போனேன். நீ பக்கத்தில் வந்து என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நானே ஒண்ணு எழுதிப்புடுவேன் மாப்ள" என்றாய்.

எழுதியும்விட்டாய். அடக்கமெல்லாம் உனக்குக் கிடையாது. முதல்முறை அது ஓடியபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "எம்புட்டு டேபிள் வேணும்னாலும் கொண்டாங்கடா!" என்று கத்தினாய். கீழே பல் குடைகிற சத்தமே ஒரு கணம் நின்றுபோயிற்று. ஒவ்வொரு வேலைக்கும் அது உருவாக்கிக் கொடுத்த ஃபங்ஷன்களுக்கு நீ வைத்த பெயர்களைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். எடு, வை, மாத்து, தூக்கு. எல்லாம் ஆங்கில எழுத்தில், நம் பேச்சில். "உலகமே இங்கிலீஷ்ல வைக்குது, நீ ஏண்டா இப்படி?" என்று கேட்டால், "வேலை செய்யுதா இல்லையா? அதைப் பாரு" என்றாய்.

டாக்டரம்மாவிடம் அதை நீ விளக்கியதை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அவர் நம் முதல் பெரிய வாடிக்கையாளர். நான் ஆங்கிலத்தில் படம் போட்டு விளக்கத் தயாராகி வந்திருந்தேன். நீ குறுக்கே புகுந்துவிட்டாய்.

"டாக்டரம்மா, டேட்டாபேஸுங்கிறது உங்க ஸ்டோர் ரூம் மாதிரி. அலமாரி அலமாரியா அடுக்கி வச்சிருக்கீக. நீங்க ஒண்ணு கேட்டா, ஒரு ஆளு போயி எடுத்துட்டு வரணும்ல? அலமாரிக்கு ஒரு ஆளுன்னு நாங்க இம்புட்டு நாளா கையால செஞ்சுக்கிட்டிருந்தோம். இப்ப அலமாரியைக் காட்டுனாப் போதும். ஆளை இதுவே செஞ்சு குடுத்துரும்."

டாக்டரம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நான் போட்டு வைத்திருந்த படம் பைக்குள்ளேயே இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வச்சிருக்கீக, இம்புட்டு என்று வாடிக்கையாளரிடம் இப்படியா பேசுவது என்று திரும்பி வரும்போது சொன்னேன். "ஏன், அந்தம்மாவும் மதுரைதான" என்றாய்.

அந்தப் பச்சை வரி எப்படி வந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும். பரிசோதனை நிலையத்தில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எம். முத்துலட்சுமி என்று தேடினால் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஒருத்தியின் சர்க்கரை அளவை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடும்படி நான் ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். திருத்தியது எங்கே? உன் கருவி எழுதிய ஃபைலுக்குள்ளேயே. அதற்கென்று தனி ஃபைல் வைக்க வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். அவசரத்தில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

திங்கட்கிழமை நீ டேபிளில் ஃபோன் நம்பருக்கு ஓர் இடம் சேர்த்துவிட்டு, கருவியை மறுபடி ஓட்டினாய். அது எல்லா ஃபைல்களையும் முதலிலிருந்து புதிதாக எழுதியது. அதன் குணமே அதுதானே. என் சனி ஞாயிறு துடைத்துப்போட்டது போல் காணாமல் போயிற்று. மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். நான் உன்னை என்னென்னவோ திட்டினேன். நீ திருப்பித் திட்டினாய். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி சொல்லு, என்ன எழுதியிருந்த?" என்றாய். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருமாக அத்தனையையும் மறுபடி எழுதி முடித்தோம், இந்த முறை தனி ஃபைலில். முடித்த கையோடு நீ கருவியைத் திறந்து, அது உருவாக்கும் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் வரும்படி அந்த வரியைச் சேர்த்தாய். "இனிமே எந்த ஃபைலைத் தொறந்தாலும் நான் உன்னையத் திட்டுவேன்" என்று சிரித்தாய்.

அன்றைக்கு வேலை முடிந்ததும் பைக்கில் கீழக்குயில்குடிக்குப் போனோம். ஆலமரத்தடிக் கடையில் டீ குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்திருந்ததால் மலையில் ஏறினோம். சமணச் சிற்பத்துக்குக் கீழே வெட்டியிருக்கிற பழைய எழுத்தை அங்கே யாரோ ஒருவர் தன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னார் செய்வித்த திருமேனி என்று. நீ அவரிடம் போய், "செய்யச் சொன்னவரு பேரு இருக்கு, சரி. செஞ்சவரு பேரு எங்கண்ணே?" என்று கேட்டாய். அவர் விழித்தார். இறங்கி வரும்போது, "உன் கருவியில உன் பேரைப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன். "அதான் மாப்ளன்னு போட்ருக்கேன்ல. உன்னைய மாப்ளன்னு கூப்புடுறவன் நான் ஒருத்தன்தான?" என்றாய். எனக்கு அப்போது அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதே சொல்லுக்குத்தான் பிறகு கூசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு பை நிறையக் கடலையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். கேட்டில் நின்று "மாப்ளே!" என்று குரல் கொடுத்தாய். அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரசு ஆபீஸில் காலமெல்லாம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். உன்னிடம் நன்றாகத்தான் பேசினார், காபி கொடுக்கச் சொன்னார். நீ கிளம்பிப் போனதும் என்னைப் பார்த்து, "அந்தப் பையன் உன்னை எந்த முறையில மாப்ளங்கிறான்?" என்று கேட்டார்.

"சும்மாப்பா. ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டுக்குவோம்."

ஆபீஸில் எல்லாரும் என்றால் நீயும் நானும்தான். கேட்டுப் பக்கம் திரும்பினால் நீ நின்றுகொண்டிருந்தாய். ஹெல்மெட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாய். எவ்வளவு கேட்டது, எப்போதிருந்து நிற்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "வாரேங்கய்யா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த முறை வந்தபோது, "சார் இருக்காரா?" என்று அப்பாவிடம் கேட்டாய். உள்ளே இருந்த என் காதில் அது விழுந்தது. எழுந்து ஓடி வந்து உன் முதுகில் ஒன்று வைத்து, யாருடா சார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

உன் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம் உங்களுடையது. உன் அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலத்தில் விளைந்த கடலை அது. இதையெல்லாம் நீ யாரிடமும் மறைத்ததில்லை, பெருமையாகத்தான் சொல்வாய். கூசிக்கொண்டு நின்றவன் நான்தான்.

பிறகு சென்னைக்காரர்கள் வந்தார்கள். பெரிய வேலை, கிடைத்தால் நமக்கு வாழ்வு என்று இரண்டு பேருமே ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தோம். நீ புதுச்சட்டை போட்டு வந்திருந்தாய். ஏற்கெனவே செய்த வேலையைக் காட்டுங்கள் என்றார் அவர்களுடைய மேலாளர் அம்மா. டாக்டரம்மாவின் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஃபைலின் உச்சியிலிருந்த வரியை அவர் நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். அதுவரை ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தவர், "யாரு இந்த மாப்ள?" என்று தமிழில் கேட்டார்.

இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் சிரிப்பில் கேலியே இல்லை. அவருக்கு அது பிடித்திருக்கவும் கூடும். எனக்கோ காது இரண்டும் சுட்டது. நீ உட்கார்ந்தவாக்கில் முன்னால் நகர்ந்தாய். உன் முகம் மலர்ந்திருந்தது, அலமாரி ஆள் கதையை ஆரம்பிக்கப் போகிறாய் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். ஒரு டிரெய்னி விளையாட்டாக எழுதியது, கவனிக்காமல் விட்டுவிட்டோம், எடுத்துவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "ஆமா மேடம். பய சேட்டை பண்ணிட்டான். எடுத்துருவோம்" என்றாய்.

நீ அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், அட, வெளியே வந்து சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. என் பொய்க்கு நீ சாட்சி சொன்னாய். உன்னையே டிரெய்னிப் பயலாக்கிக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றினாய்.

அவர்கள் தங்கள் பக்கம் எல்லாரும் பயன்படுத்துகிற ஒரு கருவியைத்தான் நாமும் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். படி இறங்கி டீக்கடைக்கு வந்ததும் நீயே பேச்சை எடுத்தாய். "அவுங்க சொல்ற டூலே நல்லதுதான் மாப்ள. நம்மளது நம்ம வீட்டு விசேஷத்துக்குச் சமைக்கும். ஊருக்கே பந்தி போடுன்னா தாங்காது." அதில் பொய் இல்லை. உன் கருவியின் குறை என்னை விட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீ கருவியைப் பற்றி மட்டும் பேசினாயே என்று நான் நிம்மதியாக டீ குடித்தேன். பாவி.

சென்னை வேலை கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் பல் ஆஸ்பத்திரி மாடியை விட்டு இந்த ஆபீஸுக்கு வந்தோம், ஆட்களைச் சேர்த்தோம். அதற்குப் பிறகு வெளியாட்கள் வருகிற எந்தக் கூட்டத்திலும் நீ வந்து உட்காரவில்லை. "நீ போ மாப்ள, நான் வேலையைப் பாக்குறேன்" என்பாய். உனக்குக் கூட்டம் என்றால் அலுப்பு என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்தேன். நாளடைவில் நானே அதை நம்பியும்விட்டேன். கூட்டமென்றால் அலுத்துக்கொள்கிற ஆளா நீ? பஸ் ஸ்டாண்டில் நின்றால்கூட நாலு பேரிடம் கதை பேசுகிறவன்.

உன் இதயம் திடீரென்று நின்றுபோன அன்று கொட்டாம்பட்டிக்கு வந்தேன். பந்தலுக்கு வெளியே யாரையும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். உன் மனைவி அழுத முகத்தோடு வந்து, சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "எந்நேரமும் மாப்ள மாப்ளன்னு சொல்லுவாகள்ல, இவுகதான் அது" என்றார். அவ்வளவுதான். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. ஒரு பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க மாப்ள, வந்து உக்காருங்க" என்றார். உங்கள் வீட்டில் எத்தனையோ வருடமாக எனக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நீ சார் இருக்காரா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். அன்று நான் அழுததைப் பார்த்து எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் வெட்கம்.

இதெல்லாம் ஆன பிறகும் இந்தத் திங்கட்கிழமை தெரியலம்மா என்று சொல்லியிருக்கிறேன் பார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். தலை நரைத்துவிட்டது, பேச்சில் அதே வேகம். தேன்மொழி எழுந்து நின்று விளக்கினாள். உன் கருவி எங்கே திணறுகிறது என்று காட்டினாள். நூறு பேரின் முடிவுகளைக் கேட்டால் ஒரே நடையில் அள்ளிக்கொண்டு வராமல், ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாகப் போய் வருகிறதாம். இரண்டு கிளைகளில் ஒரே ஆளின் விவரத்தை ஒரே சமயம் திருத்தினால், பிந்தியவர் எழுதுவது முந்தியவர் எழுதியதை அழித்துவிடுகிறதாம். சரியாகத்தான் சொன்னாள். நீ இருந்திருந்தால் "ஆமாமா, அது அப்படித்தான் முட்டும்" என்று நீயே எடுத்துக் கொடுத்திருப்பாய். கடைசியில், "பழசும் அந்தக் காலத்துக்கு நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யாரு எழுதுனதுன்னு தெரியல. முன்னாடி இருந்த ஆளு யாரோ" என்று முடித்தாள்.

நான் சொன்ன அதே சொற்கள். என் பொய் அந்தப் பெண்ணின் வாய்வழியாக, அவள் உண்மை என்று நம்பிச் சொல்ல, எல்லார் முன்னாலும் வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் அவளிடமிருந்து அடுத்து வருகிறவர்களுக்கும் போகும். யாரோ எழுதியதாக நீ ஆகிவிடுவாய்.

"யாரோ இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "யாரோ இல்லம்மா. என் கூட்டாளி எழுதினது. இந்தக் கம்பெனியை நாங்க ரெண்டு பேருந்தான் ஆரம்பிச்சோம்." உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், உன் ஊரையும். "அந்த வரியில இருக்கிற மாப்ள நாந்தான்."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு, அலமாரிக்கு ஒரு ஆளுன்னு சொன்ன தம்பியா? அவர் சொல்லித்தான் எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விஷயமே புரிஞ்சுது. எங்க அவரு? ஏன் அப்புறம் வர்றதே இல்ல?" என்றார். நீ இறந்துபோனதை அவருக்கு நான் சொல்லவே இல்லை மாப்ள. அன்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

தேன்மொழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமை கேட்டப்ப தெரியலன்னீங்களேண்ணே?"

"பொய் சொன்னேம்மா."

"ஏண்ணே?"

அவள் என்னைக் குத்திக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். அத்தனை பேர் முன்னால் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய காரணமா அது? அவள் அதற்கு மேல் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். அது எனக்கு வேண்டியதுதான்.

வெளிக் கருவி என்று முடிவாயிற்று. நான்தான் முடிவு சொன்னேன். உனக்காக உன் கருவியை வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால் நீயே காறித் துப்பியிருப்பாய். கிளம்புகிற நேரத்தில் தேன்மொழி வந்து, "புதுசுலயும் ஃபைலுக்கு மேல நாம விரும்புனதைப் போட்டுக்கலாம்ணே. அந்த வரியைப் போடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது எல்லாருக்கும் எழுதியது இல்லை, எனக்கு எழுதியது. ஃபங்ஷன் பெயர்களை வேண்டுமானால் அப்படியே வைக்கச் சொன்னேன். எடு, வை, மாத்து, தூக்கு. நம் ஆபீஸில் பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் பேச்சைத்தான் பேசுகிறார்கள், யார் வைத்த பெயர் என்று தெரியாமலே. இனிமேல் தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். "இன்னிக்கு என் மாப்ள எழுதினதை மாத்துறதுன்னு முடிவு பண்ணியாச்சுப்பா." அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "யாரு, அந்தக் கொட்டாம்பட்டித் தம்பியா? கலகலன்னு பேசுவாப்ல. கடலை கொண்டு வந்து குடுத்தாப்லயே" என்றார். அவ்வளவுதான். தான் கேட்ட அந்தக் கேள்வி அவர் நினைவிலேயே இல்லை. இத்தனை வருடமாகப் பழியைக் கொஞ்சம் அப்பா தலையிலும் போட்டு வைத்திருந்தேன். ஒருதரம் கேட்டது என்னவோ அவர்தான். அதற்குப் பின் ஒவ்வொரு தரமும் வாயைத் திறந்தது நான்.

இதை எழுதி வெட்கத்தை இறக்கி வைக்கலாம் என்று பார்க்கவில்லை மாப்ள. அது என்னிடமே இருக்கட்டும். இருந்தால்தான் அடுத்த தடவை யாராவது கேட்கும்போது வாய் தானாக எதையாவது உளறாமல் இருக்கும்.

நாளை திங்கட்கிழமை. புதியதை எழுதத் தொடங்க, முதலில் உன் ஃபைல்களை நீக்க என் ஒப்புதல் வேண்டும் என்று தேன்மொழி அனுப்பியிருக்கிறாள். வெள்ளி சாயங்காலத்திலிருந்து அது திரையில் எனக்காகக் காத்திருக்கிறது. விரல் அதற்குப் பக்கத்தில் போகும், திரும்பி வந்துவிடும். எந்த ஃபைலைத் திறந்தாலும் என்னைத் திட்டுவேன் என்றாய், ஒவ்வொன்றாகத் திறந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டேன். ஒருமுறை உன்னைக் கேட்காமல் தொட்டு என்ன ஆயிற்று என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

மாத்தணும் மாப்ள. உன்கிட்ட சொல்லிட்டேன்.